அம்மா உட்காராத ஹோட்டல்

பழனிக்கு மேற்கே பத்து கிலோமீட்டர் அளவில் இருக்கிறது நெய்க்காரப்பட்டி. கரும்பும் நெல்லும் தென்னையும் சூழ்ந்த பேரூராட்சி. தெற்கே திரும்பினால் மலை. வெல்லத்துக்குப் பெயர் போன ஊர். இங்கே மண்டியில் வெல்லம் கிலோ கணக்கில் பேசப்படுவதில்லை, சிப்பக் கணக்குதான். ஒரு சிப்பம் 30 கிலோ. ஓணம் நெருங்கினால் கேரளத்துக்குப் போகும் லாரிகள் வரிசை கட்டும்.

மண்டியில் கணக்கு எழுதியவரின் மகன் ஒருவர் 1980களின் கடைசியில் இங்கிருந்து அமெரிக்கா போனார். இல்லினாய் மாநிலத்தின் தலைநகரான ஸ்பிரிங்ஃபீல்டில் வேலை, வீடு, குடும்பம் என்று அமைந்தது. அம்மா இருந்தவரை வந்து போய்க்கொண்டிருந்தார். அதன்பிறகு வரத்து நின்றுபோனது. நெடுங்காலம் கழித்து அண்மையில், கல்லூரியில் படிக்கும் மகளைக் கூட்டிக்கொண்டு அக்கா வீட்டில் வந்து இறங்கினார்.

இறங்கியதும் அவர் தேடியது ஒரு ஹோட்டலை. பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே, ஓடு வேய்ந்து, வாசலில் பரோட்டாக் கல் போட்டிருந்த கடை. கல்லாப்பெட்டிக்கு மேலே சாமி படம், ஊதுபத்தி, ‘கடன் அன்பை முறிக்கும்’ என்ற பலகை. உள்ளே நீள பெஞ்சு. இலையில் பரோட்டாவைப் பிய்த்துப் போட்டு, வாளியோடு வந்து சால்னாவை ஊற்றிவிட்டுப் போவார்கள். அந்தச் சால்னாவின் வாசனையை அவர் மகளுக்கு எத்தனையோ முறை வர்ணித்திருக்கிறார். இப்போது அந்த இடத்தில் செல்போன் கவர் விற்கிறார்கள்.

“அங்க சால்னா எப்படி இருக்கும், சொல்லுக்கா” என்று சாட்சிக்கு அக்காவை அழைத்தார். அக்கா முறத்திலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

“எனக்கென்ன தெரியும்? வாசல்ல நின்னு தூக்குப்போசில வாங்கியாந்ததோட சரி. உள்ள எந்தப் பொம்பள போய் உக்காந்தா? அம்மா ஒரு நாளாச்சும் அங்க உக்காந்து தின்னிருக்குதா?”

மகள் அப்பாவைப் பார்த்தாள். அவர் பேச்சை மாற்றினார்.

வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வந்து பழைய ஹோட்டலுக்காக ஏங்குகிறவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். அதைக் கவனித்தவர்களுக்கு அக்காவின் கேள்வி புதிதாக இருக்காது. சந்தைக்கு வந்தவர், மண்டிக்கு வந்தவர், கடைசி பஸ்ஸுக்குக் காத்திருந்தவர், முதல் ஆட்டம் சினிமா விட்டு வந்தவர் என்று சிற்றூர் ஹோட்டலின் வாடிக்கையாளர்கள் ஏறக்குறைய எல்லோருமே ஆண்கள்தான். குடும்பம் வெளியே சாப்பிட்டது வேறு இடங்களில்: குலதெய்வக் கோயிலில் கிடா வெட்டும் நாளில் புளியமரத்தடியில், கல்யாணப் பந்தியில், பழனிக்குப் போனால் கட்டுச்சோற்றை அவிழ்க்கும் மண்டபத்தில். கரும்பு ஆலை ஓடும் காலத்தில் ஆலைக் கொட்டகையில் கொப்பரையிலிருந்து எடுத்த சூட்டுப் பாகைத் தேங்காய்ச் சில்லில் தொட்டுத் தின்பதையும் இந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும். அம்மாவோடு உட்கார்ந்து அவர் வெளியே தின்றவை இவைதான். இதையெல்லாம் அவர் மகளிடம் சொன்னதே இல்லையாம். சொல்லியிருக்கலாம்.

ஹோட்டல் மேஜையில் யார் உட்காரலாம் என்பது தமிழ்நாட்டில் ஒருபோதும் சாதாரணக் கேள்வியாக இருந்ததில்லை. சென்னை திருவல்லிக்கேணியில் ‘பிராமணாள்’ என்று பெயர்ப்பலகை வைத்திருந்த முரளி கஃபே முன்பு 1957-இல் பெரியார் தொடங்கிய மறியல் மாதக்கணக்கில் நீடித்தது. ஊர்ப்புற டீக்கடைகளில் தலித்துகளுக்குத் தனி டம்ளர் வைத்த கொடுமை அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் தொடர்ந்தது, மதுரை, திண்டுக்கல் வட்டாரங்களும் அதற்கு விலக்கல்ல. சாதிக்கு எதிராக நடந்ததுபோலப் பெண்களுக்காக யாரும் ஹோட்டல் வாசலில் மறியல் செய்யவில்லை. அவர்கள் உள்ளே வர மாட்டார்கள் என்பதைக் கடைக்காரரும் வீட்டுக்காரரும் ஒன்றாகவே நம்பினார்கள்.

அதே 1957-இல்தான் திண்டுக்கல்லில் நாகசாமி நாயுடு ஆனந்த விலாஸ் பிரியாணி ஹோட்டலைத் தொடங்கினார். தலையில் எப்போதும் கட்டியிருந்த தலப்பாவால் கடைக்குத் தலப்பாக்கட்டி என்று பெயர் நிலைத்தது. பாஸ்மதிக்குப் பதில் சீரகச் சம்பா, சிறு துண்டாக வெட்டிய கறி, தயிரும் எலுமிச்சையும் தரும் புளிப்பு. வத்தலக்குண்டு, ஒட்டன்சத்திரம், பழனி என்று நாலா திசையிலிருந்தும் ஆட்கள் திண்டுக்கல்லுக்கு வேலையாக வந்தால் அதை முடித்துக்கொண்டு பிரியாணியும் சாப்பிட்டுத் திரும்புவார்கள். வீட்டுக்கு ஒரு பொட்டலம் போகும். அக்கா, தம்பி வீட்டிலும் பிரியாணி அப்படித்தான் அறிமுகமானது: அப்பாவின் மஞ்சப்பையில், வாழையிலை வாடிய வாசனையோடு, நூல் சுற்றிய பொட்டலமாக.

மதுரைப் பக்கத்திலிருந்து கிளம்பிய முனியாண்டி விலாஸ்கள் இன்னொரு மரபு. திருமங்கலத்தை அடுத்த வடக்கம்பட்டிதான் அவற்றின் தாயூர். ஆண்டுதோறும் தை மாதத்தில் உரிமையாளர்கள் அங்கே கூடி, முனியாண்டி சாமிக்குப் படைத்து, பிரியாணி சமைத்து ஊருக்கே போடுகிறார்கள். அந்தப் பிரியாணியைப் பெண்களும் குழந்தைகளும் பாத்திரம் பாத்திரமாக வாங்கிப் போவதுண்டு. அதே பெயர் தாங்கிய ஹோட்டலுக்குள் அவர்கள் வந்து உட்கார வெகுகாலம் ஆனது.

இடையில் வந்தது ஃபேமிலி ரூம். 1970, 80களில் பழனி, திண்டுக்கல், உடுமலைப்பேட்டை போன்ற ஊர்களின் ஓரளவு பெரிய ஹோட்டல்களில் மூலையில் பலகைத் தடுப்பு வைத்து, பச்சையோ நீலமோ ஒரு திரைத்துணி தொங்கவிட்டிருப்பார்கள். புதுமணத் தம்பதி, ஆஸ்பத்திரிக்கு வந்த குடும்பம், ஜவுளி எடுக்க வந்த கூட்டம் அதற்குள் போகும். காற்று வராது. மின்விசிறி இருந்தால் அதிர்ஷ்டம். சர்வர் திரையை விலக்காமல் கையை மட்டும் நீட்டி இட்லி வைப்பார். அதைக் கேலி செய்வது எளிது. ஆனால் பெண்கள் உட்கார்ந்து சாப்பிட ஹோட்டல்காரர்கள் முதன்முதலாக ஒதுக்கிய இடம் அதுதான்.

அமெரிக்கா போன புதிதில் தம்பியை ஆச்சரியப்படுத்தியவை உயர்ந்த கட்டடங்கள் அல்ல. ஸ்பிரிங்ஃபீல்டில் அவை அதிகமும் இல்லை. மாலை ஐந்தரை மணிக்கே பாட்டி, தாத்தா, கைக்குழந்தை சகிதம் குடும்பங்கள் சாதாரணக் கடைகளில் வந்து உட்கார்ந்ததுதான் ஆச்சரியம். குழந்தைக்கு உயர நாற்காலி, வரைய வண்ண மெழுகுக்குச்சி. யாரும் யாரையும் திரும்பிப் பார்ப்பதில்லை. அந்த ஊரில், புகழ்பெற்ற 66-ஆம் எண் நெடுஞ்சாலையில், எட் வால்ட்மயர் 1949-இல் திறந்த கோசி டாக் டிரைவ்-இன் இன்றும் நடக்கிறது. குச்சியில் செருகிய சாசேஜை மக்காச்சோள மாவில் முக்கிப் பொரித்துத் தருவார்கள். நம்மூர் பஜ்ஜியின் ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளலாம். அதே மாநிலத்தின் நார்மல் என்ற ஊரில் கஸ் பெல்ட் 1934-இல் தொடங்கிய ஸ்டேக் அண்ட் ஷேக் கடையில் காருக்கே தட்டு வந்த காலம் உண்டு.

அந்த டிரைவ்-இன்களும் பிறக்கும்போதே குடும்பக் கடைகளாகப் பிறந்துவிடவில்லை. காரில் வந்து வெட்டியாக வட்டமடிக்கும் இளவட்டங்களின் கூடாரமாகிவிட்டன என்ற புகார் அங்கே இருந்தது. கலிபோர்னியாவில் மெக்டொனால்டு சகோதரர்கள் 1948-இல் காருக்கு ஓடிவந்து பரிமாறும் பெண்களை நிறுத்திவிட்டு, ஜன்னலில் வாங்கிக்கொள்ளும் முறைக்கு மாறியதன் காரணங்களில் இதுவும் ஒன்று. இளவட்டம் குறைந்தது, குழந்தைகளோடு பெற்றோர் வந்தார்கள். அங்கேயும் யாரோ ஒருவர் யோசித்து ஏற்பாடு செய்த பிறகுதான் குடும்பம் வந்தது.

தமிழ்நாட்டில் டிரைவ்-இன் என்றால் ஒரே பெயர்தான். சென்னை கதீட்ரல் சாலையில் கிருஷ்ணா ராவ் 1962-இல் தொடங்கிய உட்லண்ட்ஸ். மரத்தடியில் காரை நிறுத்தினால் ஜன்னலில் தட்டை மாட்டி நெய் தோசையும் காபியும் வைப்பார்கள். அது 2008-இல் மூடப்பட்டது. அந்த இடத்தில் 2010-இல் செம்மொழிப் பூங்கா திறந்தது. கார் வைத்திருந்தவர்களின் சென்னைக்கு அது சரி. நெய்க்காரப்பட்டிக்குத் தேவைப்பட்டது வேறு வண்டி. 1980-இல் ஓசூரிலிருந்து வந்த டிவிஎஸ் 50, இரண்டு பேர் ஏறலாம் என்று விற்கப்பட்டது. நம்மவர்கள் நான்கு பேரை ஏற்றினார்கள். பஸ்ஸை நம்பியிருந்தவரை வெளியே சாப்பிடுவது தனியாள் வேலை. வீட்டு வாசலிலிருந்து எல்லோரும் ஒன்றாகக் கிளம்ப ஒரு வண்டி வந்த பிறகு, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் குடும்பத்தின் வசமானது. பின்னால் கார் வந்தது, நான்குவழிச் சாலை வந்தது, ஹோட்டல்களும் பஸ் நிறுத்தத்தை விட்டுச் சாலையோரத் தோப்புகளுக்கு நகர்ந்தன.

அக்கா தம்பியைக் கூட்டிப் போனது அப்படி ஒரு கடைக்குத்தான். தென்னந்தோப்பு முகப்பில் தகரக் கூரை, மரங்களில் சீரியல் விளக்கு, குழந்தைகளுக்கு ஊஞ்சல், கூண்டில் முயல். சுவரில் வரைந்த இறக்கைகளுக்கு நடுவே நின்று ஒரு பாட்டி படம் எடுத்துக்கொண்டிருந்தார். பரிமாறிய பையன் வடமாநிலத்துக்காரன், “அக்கா, என்ன வேணும்?” என்று கேட்டான். அக்கா மெனு கார்டைத் திறக்கவில்லை. “கலக்கி ரெண்டு, ஒன்னுல மொளகு தூக்கலா. கொத்து பரோட்டா ஒன்னு. பள்ளிபாளையம் சிக்கன், வரமொளகா கருகாம. புள்ளைக்கு நெய் ரோஸ்ட். தம்பி, உனக்கு?”

தம்பி அசந்துபோனார். ஹோட்டல் வாசலில் போசியோடு நின்ற அக்காவைத்தான் அவருக்குத் தெரியும். தட்டு வந்ததும் சால்னா பழைய கடை மாதிரி இல்லை என்று முனகினார். அது உண்மையாகவும் இருக்கலாம். அடுத்த மேஜையில் ஐந்து பெண்கள், ஆண்துணை இல்லாமல், பிறந்தநாள் கேக் வெட்டிக்கொண்டிருந்தார்கள். சால்னாவில் கொஞ்சம் குறைந்தாலும் இந்தக் காட்சிக்காகப் பொறுத்துக்கொள்ளலாம்.

குறை சொல்ல வேண்டியது வேறு இடத்தில் இருக்கிறது. பழனிச் சாலையில் உள்ள இந்தக் கடைகளின் மெனுவை எடுத்துப் பொள்ளாச்சியிலோ சேலத்திலோ வைத்தாலும் பொருந்தும். ஸ்பிரிங்ஃபீல்டுக்காரர்கள் 1928-இல் தங்கள் ஊர் லேலண்ட் ஹோட்டலில் பிறந்த ஹார்ஸ்ஷூ சாண்ட்விச்சை, ரொட்டியும் கறியும் உருளை வறுவலும் பாலாடைக்கட்டிக் குழம்பில் மூழ்கிக் கிடக்கும் அந்த மலையை, இன்றுவரை பெருமையாகப் பரிமாறுகிறார்கள். வெல்லத்தின் தலைவாசலில் இருக்கிற கடைகளில் இனிப்பு என்று கேட்டால் குலாப் ஜாமுனும் ஐஸ்கிரீமும் வருகின்றன. சந்தகையைப் பிழிந்து வெல்லமும் தேங்காய்ப்பாலும் ஊற்றித் தர ஒரு கடையும் முன்வரவில்லை. கச்சாயமும் ஒப்பிட்டும் இன்னும் வீட்டோடு நிற்கின்றன. பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெருமையில் பத்து கிலோமீட்டர் தள்ளியிருக்கிற வெல்ல ஊருக்கும் பங்கு கேட்கலாம்.

கிளம்பும்போது மகள் அத்தையிடம், இத்தனை கடை இருக்க இந்தக் கடையை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள் என்று கேட்டாள். ருசி, விலை என்று ஏதாவது பதில் வரும் என்று எதிர்பார்த்திருப்பாள். “இங்கதான் பாத்ரூம் சுத்தமா இருக்கும் சாமி. தாப்பாளும் விழும்” என்றார் அத்தை. அவருடைய அம்மா பழனிக்கு பஸ் ஏறும் நாளில் காலையிலிருந்து தண்ணீர் குடிக்க மாட்டாராம். தொலைதூர பஸ்கள் நிற்கும் பல மோட்டல்களில் இன்றும் பெண்கள் அதையேதான் செய்கிறார்கள். சீரியல் விளக்குக்கும் முயல் கூண்டுக்கும் செலவழிக்கிற ஹோட்டல்காரர்கள், அதற்கு முன்னால் பெண்களுக்கு வெளிச்சமும் தண்ணீரும் தாழ்ப்பாளும் உள்ள கழிவறை ஒன்றைக் கட்டி, தினமும் அதைக் கழுவ ஒரு ஆளையும் போட வேண்டும்.