நான் ஆத்துற டீ

முப்பத்தொரு வருஷம் அரசு பஸ்ஸில் கண்டக்டர். 2022இல், அறுபது வயதில் ஓய்வு. பையை ஒப்படைத்துவிட்டு வந்த மறுமாசமே திருக்கோஷ்டியூரில், திருப்பத்தூர் - சிவகங்கை ரோட்டோரம் ஒரு தகரக் கொட்டகையை வாடகைக்குப் பிடித்து டீக்கடை போட்டேன். ஆள் நான் ஒருத்தன்தான். பால் வாங்குவது, பாய்லரைப் பற்றவைப்பது, ஆத்துவது, கிளாஸ் கழுவுவது எல்லாம் நானே.

ரிட்டயர்டு ஆனவன் கடை போடுவது ஒன்றும் அதிசயமில்லை. சேரிக்காரன் டீக்கடை போடுவதுதான் அதிசயம். "மாமா, பேசாம ஜெராக்ஸ் கடை போடுங்க" என்றான் தங்கச்சி மகன். "பிஸ்கட்டு, சோப்புன்னு வாங்கி வச்சு வித்தா போதும்ணே" என்றார் கூட வேலை பார்த்த டிரைவர். "டீக்கடை மட்டும் வேணாங்க, ஈதான் ஓட்டணும்" என்றாள் வீட்டுக்காரி. மூணு பேரும் சொன்னது ஒரே விஷயம்தான். பாக்கெட்டில் அடைத்த சரக்குக்குச் சாதி கிடையாது. கைபட்ட சரக்குக்கு உண்டு.

இத்தனை வருஷமும் இந்தக் கையில்தானே எல்லாச் சாதியும் டிக்கெட் வாங்கியது? விரலில் எச்சில் தொட்டுத் தொட்டுக் கிழித்துக் கொடுத்த டிக்கெட். அதை வாயில் கவ்விக்கொண்டு இடுப்பில் சில்லறை தேடியவர்கள் உண்டு. அப்போது தீட்டு எங்கே போயிருந்தது? காக்கிச்சட்டை போட்டிருந்தவரைக்கும் அது அரசாங்கத்தின் கை. கழற்றிப் போட்டதும் அது என் கை. இடஒதுக்கீடு எனக்கு வேலை கொடுத்தது, பென்ஷன் கொடுத்தது. தெருவில் தனியாகக் கடை போட்டு நிற்கிறவனுக்கு அந்த நிழல் இல்லை.

எங்கள் பக்கத்து வரலாறு அப்படி. சிவகங்கை, காரைக்குடி, தேவகோட்டை எல்லாம் அன்றைக்கு ராமநாதபுரம் ஜில்லா. 1930 டிசம்பரில் அந்த ஜில்லாவில் ஆதிக்கச் சாதியினர் நம் மக்களுக்கு எட்டுத் தடைகள் போட்டார்கள். பொன், வெள்ளி நகை கூடாது. சட்டை கூடாது. குடை, செருப்பு கூடாது. மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் புழங்கக் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் எரிந்தன. 1931இல் தடை பதினொன்றானது. பிள்ளைகள் படிக்கக் கூடாது, மாடு மேய்க்க வேண்டும் என்பது அதில் ஒன்று. ஹட்டன் என்ற வெள்ளைக்கார அதிகாரி இதையெல்லாம் எழுதி வைத்திருக்கிறார். என் தாத்தா சோறாக்கியது மண்சட்டியில். நான் பணிக்கொடைப் பணத்தில் முதலில் வாங்கியது பித்தளை பாய்லர். தினமும் புளி போட்டு விளக்குகிறேன்.

வேலையை விட்டுவிட்டு டீக்கடை போட்ட நம்மாள் எனக்கு முன்னாலும் ஒருத்தர் உண்டு. நூறு வருஷத்துக்கு முந்தின சங்கதி. கோலாப்பூர் சாகு மகாராஜாவின் அரண்மனை ஊழியர் கங்காராம் காம்ப்ளே. தண்ணீர்த் தொட்டியைத் தொட்டார் என்று அவரைச் சாதி இந்து ஊழியர்கள் அடித்தார்கள். பிறகு அந்த வேலையை விட்டு, மகாராஜாவின் உதவியோடு டீக்கடை வைத்தார். சாதி இந்துக்கள் எட்டிப் பார்க்கவில்லை. மகாராஜாவே வண்டியை நிறுத்தி அவர் கையால் டீ வாங்கிக் குடித்தார். கூட வந்த அதிகாரிகளையும் குடிக்க வைத்தார்.

எனக்கு ஏது மகாராஜா? 2023இல் தமிழக அரசு அண்ணல் அம்பேத்கர் பெயரில் தொழில் முன்னோடிகள் திட்டம் கொண்டுவந்தது. 35 சதவீத மானியம். நல்ல திட்டம்தான். ஆனால் வயது வரம்பு 55. அரசு வேலையில் ஓய்வு வயது 60. நம் சனங்களில் கையில் கொஞ்சம் காசு சேர்வதே ஓய்வுபெறும்போதுதான். அந்த நேரம் பார்த்துக் கதவு சாத்தியிருக்கிறது.

கடை போட்ட புதிதில் மூணு லிட்டர் பால் வாங்கி ஒரு லிட்டரை வீட்டுக்குத் திருப்பி எடுத்துப் போவேன். தெரிந்த முகங்கள் ரோட்டுக்கு அந்தப் பக்கமே நின்று, "என்ன கண்டக்டரே, சௌக்கியமா?" என்று கேட்டுவிட்டு பஸ் ஏறிவிடும். சிலர் வந்தார்கள். "பேப்பர் கப்புல குடுப்பா" என்றார்கள். இரட்டைக் குவளைக்கு இப்போது பேப்பர் கப் என்று பெயர். நான் கழுவிய கிளாஸில் வாய் வைக்காமல் தப்பிக்கிற வழி. "நம்ம கடையில கண்ணாடி கிளாஸ் மட்டுந்தாண்ணே" என்றேன். போனவர்கள் போனார்கள். தினம் நூறு, நூற்றைம்பது ரூபாய் அதில் நட்டம்.

மாசி மகத் தெப்பத்துக்குக் குளத்தில் விளக்கு வைக்க ஆயிரக்கணக்கில் சனம் வரும். அந்த ரெண்டு நாளும் உட்கார நேரமிருக்காது. வெளியூர்க்காரன் சாதி கேட்பதில்லை, சூடாக இருக்கிறதா என்றுதான் கேட்கிறான். கூட்டம் கலைந்ததும் பழையபடி ஊர். ராமானுசர் இந்த ஊருக்குப் பதினெட்டு முறை நடந்து வந்து வாங்கிய மந்திரத்தைக் கோபுரத்தில் ஏறி எல்லாருக்கும் சொன்னார் என்று கதை சொல்லிப் பெருமைப்படுகிறோம். காதில் விழுகிற மந்திரத்தைப் பொதுவாக்குவது சுலபம். வாயில் வைக்கிற கிளாஸைப் பொதுவாக்குவதுதான் கஷ்டம்.

இப்போது எட்டு லிட்டர் ஓடுகிறது. லாபம் பெரிதாக இல்லை. பென்ஷன் இருப்பதால் தாக்குப்பிடிக்கிறேன். பென்ஷன் இல்லாத நம் பையன் ஒருத்தன் இதே கடையைப் போட்டிருந்தால் மூணே மாசத்தில் பூட்டியிருப்பான். இதைத்தான் தோழர்கள் யோசிக்க வேண்டும். 'சொந்தத் தொழில் செய்' என்று நம் பிள்ளைகளுக்கு எல்லாரும் புத்தி சொல்கிறார்கள். வாங்க மாட்டேன் என்கிறவனுக்கு யார் புத்தி சொல்வது?

ஜெராக்ஸ் கடையில் யாரும் உட்கார மாட்டார்கள். டீக்கடையில் பெஞ்சு உண்டு. சின்ன வயதில் டீக்கடை வாசலில் நாங்கள் குத்தவைத்துச் சிரட்டையில் குடித்தோம். இதே மாவட்டத்தில் கச்சநத்தத்தில் 2018 மே 28 இரவு நம்மாட்கள் மூணு பேர் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அதற்கு முந்தின தகராறில், கால்மேல் கால் போட்டு உட்கார்ந்ததும் ஒரு குற்றமாகப் பேசப்பட்டது. 2022இல் 27 பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது சிவகங்கை நீதிமன்றம். தீர்ப்பு வந்துவிட்டது, சரி. உட்காருகிற இடம்?

என் கடையில் ரெண்டு பெஞ்சு போட்டிருக்கிறேன். காலையில் காலேஜுக்குப் போகிற எங்கள் தெருப் பிள்ளைகள் கால்மேல் கால் போட்டு பேப்பர் படிக்கிறார்கள். பக்கத்தில் உட்கார இடம் இருக்கிறது. யாரும் வரலாம்.