பஸ்ஸில் ஆறு பெண்கள்

பிறநாட்டுத் தொலைக்காட்சித் தொடரொன்றைப் பற்றி, அதிலும் பதின்பருவத்தினரின் கதையைக் கூறுமொன்றைப் பற்றி, இலக்கிய ஏட்டில் எழுதுவது தகுமா எனச் சிலர் வினவக்கூடும். ஒரு படைப்பு எந்த நாட்டிற் பிறந்தது என்பதைக் காட்டிலும், யாருடைய துன்பத்தை அது பேசுகிறது என்பதையே நான் முதலில் நோக்குவேன்.

லோரி நன் என்னும் பெண் எழுத்தாளர் உருவாக்கிய 'செக்ஸ் எடியுகேஷன்', 2019 முதல் 2023 வரை நான்கு பருவங்களாக நெற்பிளிக்ஸில் வெளிவந்த பிரித்தானியத் தொடர். தலைப்பைக் கண்ட மாத்திரத்தில் முகஞ்சுளித்தோர் பலர். சிறுவர்க்குரியதன்று என்பதும் மெய்யே. ஆயினும் 2020 ஜனவரியில் வெளியான இரண்டாம் பருவத்தின் ஏழாம் அத்தியாயத்தை நான் மும்முறை பார்த்தேன். மூன்றாம் முறையும் கண் கலங்கியது.

அதற்கு முந்திய அத்தியாயமொன்றில், ஏமி என்ற மாணவி, தோழி மேவின் பிறந்தநாளுக்குத் தன் கையாற் செய்த கேக்கை ஏந்திக்கொண்டு பஸ்ஸில் ஏறுகிறாள். நெரிசலில் முன்பின் அறியாத ஒருவன் அவள்மீது உரசி இழிசெயல் புரிகிறான். அவள் உரக்கச் சொல்கிறாள், எவரும் உதவவில்லை. இறங்கி நடக்கிறாள். நடந்ததை ஒரு பொருட்டாக அவள் முதலிற் கொள்ளவில்லை. காற்சட்டை பாழாயிற்றே என்பதே அவள் கவலை. பொலிசுக்குப் போக வேண்டுமென வற்புறுத்துபவள் மேவ்தான். அதன்பின் ஏமியால் பஸ்ஸில் ஏற முடியவில்லை. நாள்தோறும் பாடசாலைக்கு நடக்கிறாள்.

ஏழாம் அத்தியாயத்தில் ஏமி, மேவ், ஓலா, லிலி, ஒலிவியா, விவ் ஆகிய அறுவரும் தண்டனையாக ஓரிடத்தில் இருத்தப்படுகின்றனர். பெண்கள் என்ற வகையில் உங்களை இணைப்பது யாது எனக் கண்டு கூறுங்கள் என்பது ஆசிரியையின் கட்டளை. இணைப்பதற்கு ஒன்றுமில்லை. மேவ் கரவன் வண்டியில் வாழும் ஏழைப் பெண். ஒலிவியா பாடசாலையின் செல்வாக்குள்ள கூட்டத்தைச் சேர்ந்தவள். விவ் படிப்பே கதியென்றிருப்பவள். மேவும் ஓலாவும் ஓர் இளைஞனை முன்னிட்டு மோதிக்கொள்ளும் வேளையில் ஏமி உடைந்து அழுகிறாள். பஸ்ஸில் ஏற முடியவில்லை என்கிறாள். முன்னர் அச்சமின்றித் திரிந்த தனக்கு இப்போது அது இயலவில்லை என்கிறாள். பின்னர் ஒவ்வொருத்தியாகத் தன் கதையைச் சொல்கிறாள். எவளுக்கும் ஒன்று இருக்கிறது! ஆசிரியை தேடச்சொன்ன இணைப்பு அதுவே.

மறுநாட் காலை பஸ் தரிப்பிடத்தில் ஐவரும் ஏமிக்காகக் காத்து நிற்கின்றனர். அறுவரும் ஏறிப் பின்னிருக்கையில் ஒருங்கே அமர்கின்றனர். அவ்வளவே. வீரவசனமில்லை, கயவன் பிடிபடவுமில்லை. துன்பத்தைப் பிழிந்து கண்ணீர் வரவழைக்கும் நாடகங்களுக்குப் பழகிய நமக்கு இந்த அடக்கம் ஒரு பாடம். இக்கதை பஸ்ஸில் தமக்கு நேர்ந்ததொன்றிலிருந்து எழுந்ததென லோரி நன் கூறியுள்ளார். பட்டவர் எழுதியதனாற்போலும் அதில் மிகையில்லை.

உயர்தர வகுப்பு மாணவியருக்கு, ஆசிரியர் வராத பாடவேளையொன்றில், இக்கதையைத் தக்கவாறு சொன்னேன். தோழமையின் சிறப்பைப் பற்றிப் பேசுவார்கள் என எதிர்பார்த்தேன். முன்வரிசைப் பெண்ணொருத்தி எழுந்து, "பஸ்ஸில இருந்த மற்றாக்கள் என்ன செய்தவை, ரீச்சர்?" என்றாள். வகுப்பு அமைதியாயிற்று. அந்த அமைதியின் பொருளை நான் விளக்க வேண்டியதில்லை. நம் நாட்டிற் பத்துப் பெண்களில் ஒன்பது பேர் பொதுப் போக்குவரத்தில் பாலியற் தொல்லைக்கு ஆளானதாக ஐக்கிய நாடுகள் சனத்தொகை நிதியத்தின் ஆய்வு 2017இல் தெரிவித்தது. தண்டனைச் சட்டக்கோவை 1995இல் திருத்தப்பட்டது முதல் இது தண்டனைக்குரிய குற்றம். சட்டம் ஏட்டிலிருக்கிறது, பெண்கள் பஸ்ஸிலிருக்கிறார்கள்.

அம்மாணவியின் கேள்விக்கு அந்த அத்தியாயத்தில் விடையில்லை. பாதிக்கப்பட்டவளைப் பாதிக்கப்பட்டோரே காக்கிறார்கள். பார்த்திருந்த பயணிகள் கதையிலிருந்து கழன்றுவிடுகிறார்கள். இது அதன் குறை என்பேன். ஆனால் ஒரு காலைப் பயணத்தால் காயம் ஆறிவிடும் என்று அத்தொடர் பொய் சொல்லவில்லை. மூன்றாம் பருவத்தில் ஏமி உளவள ஆலோசனை பெறுகிறாள். 2023இல் வந்த இறுதிப் பருவத்திற்றான் அந்தக் காற்சட்டையைத் தீயிலிட்டு அதனைப் புகைப்படமாக்குகிறாள்.

சொந்த வாகனமுள்ளோர்க்கு பஸ் ஒரு பிரச்சினையன்று. உழைக்கும் பெண்ணுக்கும் படிக்கும் பெண்ணுக்கும் அதுவே தொழிலுக்கும் கல்விக்குமான வாயில். பஸ்ஸிலேற அஞ்சும் பெண்ணிடமிருந்து பறிக்கப்படுவது அவளது கல்வியும் ஊதியமுமாகும். ஆதலின் ஐந்து தோழியரின் அன்பு மட்டும் போதாது. நடத்துநர் மணியடித்து வண்டியை நிறுத்தவேண்டும். அருகிலிருப்பவர் எழுந்து நிற்கவேண்டும். இவற்றை ஆண்பிள்ளைகளுக்கும் வகுப்பறையிற் சொல்லவேண்டும். அடுத்த வாரம் ஆண்கள் வகுப்பிலும் இக்கதையைச் சொல்ல இருக்கிறேன். முன்வரிசைப் பெண் கேட்ட கேள்வியை அவர்களிடம் நானே கேட்பேன்.