குழலைத் துடைக்கும் கணக்கு

ரைஃபிள் கிளப்பில் சேரும் பிள்ளைகள் முதல் மாதத்திலேயே கேட்டுவிடுவார்கள்: “சார், எத்தனை நாளைக்கு ஒரு தடவை துப்பாக்கியைக் கிளீன் பண்ணணும்?” அவர்களுக்கு ஓர் எண் வேண்டும். பக்கத்தில் நிற்கும் பெரியவர்கள் ஆளுக்கொன்றாக எடுத்துக் கொடுப்பார்கள். ஒருவர், சுட்ட அன்றைக்கே என்பார். இன்னொருவர், ஐந்நூறு தோட்டாவுக்கு ஒருமுறை என்பார். மூன்றாமவர், டார்கெட்டில் குண்டு சிதறத் தொடங்கும்வரை குழலைத் தொடவே தொடாதே என்பார். மூவரும் விஷயம் தெரிந்தவர்கள். மூவர் சொல்வதும் ஏதோ ஒரு துப்பாக்கிக்குச் சரிதான். எந்தத் துப்பாக்கிக்கு என்று சொல்லத்தான் மறந்துவிடுகிறார்கள்.

நான் என்.சி.சி.யில் பழகிய நாளில் இந்தக் கேள்வியே எழாது. கையில் இருந்தது த்ரீ நாட் த்ரீ. சுட்டால் அன்றே துடைக்க வேண்டும். மறுநாளும் துடைக்க வேண்டும். அதற்கடுத்த நாளும் குழலுக்குள் பார்க்க வேண்டும். ஏன் என்று கேட்டால் மைதானத்தைச் சுற்றி ஓட வேண்டும். அந்த ரைஃபிளின் கட்டைக்குப் பின்புறம் ஒரு சிறிய பித்தளை மூடி இருக்கும். திறந்தால் உள்ளே எண்ணெய்ப் புட்டி, புல்த்ரூ கயிறு. கயிற்றின் ஒரு முனையில் பித்தளைக் கனம். மறுமுனைக் கண்ணியில் சிந்தி, அதாவது 4 அங்குல நீளமும் 2 அங்குல அகலமும் கொண்ட துணித் துண்டு. கனத்தைப் பின்பக்கம் விட்டு, முன்வாய் வழியாக ஒரே இழுப்பாக, நேராக இழுக்க வேண்டும். பழைய ராணுவ முறைப்படி அதற்கு முன்பே குழலுக்குள் புனல் வைத்துக் கொதிக்கும் வெந்நீர் ஊற்றுவதும் உண்டு. இரும்புக்குள் தண்ணீர் ஊற்றுவார்களா என்று உங்களுக்குத் தோன்றும். எங்களுக்கும் தோன்றியது.

காரணம் ரொம்பப் பிற்பாடுதான் புரிந்தது. அந்தக் காலத்துத் தோட்டாவின் பிரைமரில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. அது வெடித்து எரிந்தபின் குழலுக்குள் பொட்டாசியம் குளோரைடாகப் படியும். அது கிட்டத்தட்ட சமையல் உப்புக்குப் பங்காளி. காற்றின் ஈரத்தை இழுத்து, ஒரே இரவில் குழலைத் துருப்பிடிக்க வைத்துவிடும். உப்பு எண்ணெயில் கரையாது, தண்ணீரில்தான் கரையும். எண்ணெயை மட்டும் பூசி வைத்தால் அந்த எண்ணெய்க்கு அடியிலேயே துரு வளரும். ஆக, வெந்நீர் வெறும் பட்டாளத்து முரட்டுத்தனம் அல்ல. அதற்குள் நல்ல வேதியியல் இருந்தது.

1920களின் பிற்பகுதியிலேயே ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் உப்பு விடாத பிரைமர்கள் கடைக்கு வந்துவிட்டன. ராணுவத் தோட்டாக்கள் மாற இன்னும் காலம் பிடித்தது. இன்றைக்கு நீங்கள் கிளப்பில் சுடும் பாயிண்ட் டூ டூ தோட்டாவில் அந்த உப்பு கிடையாது. காரணம் போய்விட்டது, விதி மட்டும் எங்கள் தலைமுறையின் வாயில் தங்கிவிட்டது. நாங்கள் அதட்டிச் சொல்வதால் அது உண்மையாகிவிடாது. அதேபோல, பழசு என்பதாலேயே அதை உளறல் என்று நினைக்கும் பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்வேன்: பெரியவர் ஒருவர் பிடிவாதமாக ஒரு வழக்கத்தைச் சொன்னால், எதற்காக வந்தது என்று தேடிப் பாருங்கள். யாராவது எங்கோ ஒரு துப்பாக்கியை இழந்துதான் அதைக் கற்றிருப்பார்கள்.

சரி, பாயிண்ட் டூ டூவுக்கு வருவோம். அதன் குண்டு மென்மையான ஈயம். மேலே மெழுகோ கொழுப்போ பூசியிருக்கும். சுடச்சுட அந்த மெழுகு குழலின் உட்சுவரில் மெல்லியதாகப் படியும். அந்தப் படிவு ஒரே சீராக இருக்கும்வரை குண்டும் ஒரே சீராகப் போகும். நீங்கள் நன்றாகத் தேய்த்துக் கழுவி அதை எடுத்துவிட்டால், மறுபடி படியும்வரை முதல் சில குண்டுகள் எங்கெங்கோ போகும். ஐம்பது மீட்டர் டார்கெட்டில் பத்து மதிப்பெண் வட்டத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர்தான். போட்டிக்கு முந்தின இரவு பக்தியோடு குழலைத் தேய்த்துவிட்டு வந்து, காலையில் துப்பாக்கியைத் திட்டும் பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். தேய்ப்பதால் சேதமும் உண்டு. குழலின் முன்வாய் விளிம்புதான் குண்டைக் கடைசியாகத் தொட்டு அனுப்புகிற இடம். கோணலாக இழுத்த கயிறும், முன்பக்கத்திலிருந்து செருகிய கம்பியும் அந்த விளிம்பை அரித்தே கெடுத்த ரைஃபிள்கள் சுட்டுக் கெட்டவற்றைவிடக் குறைவில்லை. போதாக்குறைக்கு, இந்த வகைத் தோட்டாக்களின் விளிம்பு மருந்தில் உராய்வுக்காகக் கண்ணாடித் தூளும் கலப்பதுண்டு. கரடுமுரடாகத் தேய்த்தால் அது உப்புத்தாள் வேலை செய்யும்.

அதற்காகத் தொடாமலே விட்டுவிடலாமா? கூடாது. தோட்டா அமரும் அறைக்குச் சற்று முன்னால் கரி கெட்டியாக வளையம் கட்டும். காலிக்கூடு இறுக்கமாக வெளியே வரும். குண்டுகள் காரணமில்லாமல் பரவும். அப்போது கரைப்பான் நனைத்த துணியைப் பின்பக்கமிருந்து முன்பக்கமாகத் தள்ளி எடுக்க வேண்டும். போல்ட் முகத்தையும் எக்ஸ்ட்ராக்டர் கொக்கியையும் மட்டும் ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் துடையுங்கள். அதற்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது. செம்பு உறை போட்ட பெரிய குண்டு சுடும் சென்டர்ஃபயர் ரைஃபிள்களின் கதை வேறு. அங்கே செம்பும் படியும். அதற்கென்ற கரைப்பானில் துணி நீலம் பாய்ந்து வரும். நீலம் நிற்கும்வரை துடைக்க வேண்டும். அது நம் கிளப் பிள்ளைகளுக்கு அடிக்கடி வருகிற வேலை அல்ல.

கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவனைப் பார்த்து ஏர் ரைஃபிள் எடுத்த பெண்கள் இப்போது நிறையப் பேர். அம்மா, உங்களுக்கு வேலை இன்னும் குறைவு. மருந்தே இல்லாததால் கரியும் இல்லை. எப்போதாவது கம்பளிப் பெல்லட் இரண்டு மூன்றைக் குழல் வழியாக அனுப்பினால் போதும். ஆனால் காற்றுச் சிலிண்டருக்கு ஆயுள் பத்தாண்டு; அதில் பொறித்த தேதியை நீங்களே பார்த்து வையுங்கள், கோச் பார்ப்பார் என்று விட்டுவிடாதீர்கள்.

உள்ளே அடிக்கடி தேய்க்காவிட்டாலும், வெளியே ஒரு நாளும் தவறக்கூடாது. நம் ஊர் கடலோரக் காற்றும் உள்ளங்கை வியர்வையும் உப்புதான். பிரைமரிலிருந்து போன உப்பு விரல் வழியாகத் திரும்பி வருகிறது. எண்ணெய் தொட்ட துணியால் இரும்புப் பகுதி முழுவதையும் ஒருமுறை வருடி வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்ப வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஸ்பாஞ்சு வைத்த பெட்டிக்குள் நாள்கணக்கில் பூட்டி வைக்காதீர்கள். ஸ்பாஞ்சு ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். குழலுக்குள் எண்ணெய் விட்டிருந்தால் சுடுவதற்கு முன் உலர்ந்த துணியால் துடைத்துவிடுங்கள்.

துடைக்க உட்காரும் முன் மேகசினைக் கழற்றி, போல்ட்டைத் திறந்து, அறைக்குள் கண்ணாலும் சுண்டுவிரலாலும் பார்க்க வேண்டும். தோட்டா டப்பா வேறு அறையில் இருக்கட்டும். “காலிதான் சார்” என்று இன்னொருவர் நீட்டினாலும், வாங்கிய கை மறுபடி பார்க்க வேண்டும். இந்த விதிக்கு மட்டும் காரணம் எந்தக் காலத்திலும் போகப் போவதில்லை.

துப்பாக்கியைத் துடைத்தவர்கள் தங்களைத் துடைத்துக்கொள்ள மறந்துவிடுகிறார்கள். குண்டிலும் பெல்லட்டிலும் ஈயம். பிரைமர் புகையிலும் ஈயம். துடைத்த துணியிலும் அதுதான். அந்தக் கையோடு கேண்டீனில் வடையை எடுக்காதீர்கள். சோப்புப் போட்டு, குளிர்ந்த தண்ணீரில், முழங்கை வரை கழுவுங்கள். அழுக்குத் துணியை மூடியுள்ள டப்பாவில் போடுங்கள். வீட்டில் கைக்குழந்தை இருந்தால், சட்டையை மாற்றிவிட்டுத் தூக்குங்கள்.