தொட்டால்தான் சேரும் சேதி

காலை நிகழ்ச்சிக்கு இரண்டு நிமிட அறிவியல் துணுக்கு எழுத உட்கார்ந்தேன். அன்று அகப்பட்டது கடல் முள்ளெலி. மலாயில் லண்டாக் லாவுட். கடலில் காலை வைத்தால் குத்துமே, அந்த முள் உருண்டைதான்.

அதன் கரு கண்ணாடிபோலத் தெளிவானது. அதனால் நூறாண்டுக்கும் மேலாக ஆய்வாளர்களுக்கு அது செல்லப்பிள்ளை. ஊதா நிற வகையின் மரபணுத் தொகுதியை 2006-இல் வெளியிட்டார்கள். ஏறக்குறைய 23,000 மரபணுக்கள்.

கருவுற்ற முட்டை இரண்டாகி, நான்காகி, பதினாறு உயிரணுக்களாகிறது. அதில் நான்கு மட்டும் மிகச் சிறியவை. அவற்றின் வழிவந்தவைதான் சுண்ணாம்பில் எலும்புக்கூடு கட்டுகின்றன. எந்த இடத்தில் கட்டுவது என்று வெளிப்புற உயிரணுக்கள் ஒரு புரதத்தைக் கசியவிட்டு, தள்ளியிருந்தே வழிகாட்டுகின்றன. வானொலி மாதிரி.

இன்னொரு சேதி அப்படிப் போகாது. டெல்டா என்ற புரதம் உயிரணுவின் மேலேயே ஒட்டியிருக்கும். பக்கத்து உயிரணுவிலுள்ள நாட்ச் என்ற ஏற்பி அதைத் தொட்டால்தான் சேதி சேரும். சேராவிட்டால் கருவில் நிறமி உயிரணுக்கள் உருவாவதில்லை. நம் உடம்பிலும் இதே ஏற்பாடு உண்டு.

எழுதி முடித்ததும் அம்மா ஞாபகம் வந்தது. குனோங் ராபாட்டில் தனியாக இருக்கிறார். நான் கோலாலம்பூரில், 200 கிலோமீட்டர் தள்ளி. "எப்பம்மா வருவே?" என்று கேட்கும்போதெல்லாம், "தினமும் ரேடியோவுல என் குரலக் கேக்குறீங்கதானே?" என்பேன்.

"அது ஊருக்கெல்லாம் பேசுறதும்மா" என்பார்.

அந்தச் சனிக்கிழமை கிளம்பினேன். சுண்ணாம்புக் குன்றுகள் தெரிந்ததும் ஊர் வந்துவிட்டது என்று மனம் சொன்னது. ஆதியில் கடலடியில் படிந்த சுண்ணாம்புதான் அவையும்.

வாசலில் அம்மாவின் கையைப் பிடித்தேன். பால்மரம் சீவிக் காய்த்த கை. விரல்கள் வீங்கியிருந்தன, மடக்க முடியவில்லை.

"எத்தனை நாளாம்மா?"

"ஒரு மாசம் இருக்கும்."

அந்த ஒரு மாதமும் தினம் தொலைபேசியில் பேசினோம். "நல்லா இருக்கேன்" என்றுதான் சொன்னார். குரலில் எதுவும் தெரியவில்லை. குரலை வைத்துப் பிழைப்பவள் நான்.

திங்கட்கிழமை விடுப்பு எடுத்தேன். கிளினிக்கில் எண் கூப்பிடும்வரை அம்மாவின் கை என் மடியில் இருந்தது. இருவரும் அதிகம் பேசவில்லை.