வன்தட்டில் உறங்கிய வாய்மொழி

தமிழ்த்துறை மலரில் கணிப்பொறியின் உறுப்பொன்றைப் பற்றி எழுதப் புகுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஏட்டுச் சுவடிகளைத் தேடி ஊர் ஊராக அலைந்த சான்றோரை நாம் போற்றுகிறோம். ஓலையைக் கறையான் அரித்தது. வன்தட்டு அழிவதற்குக் கறையான்கூட வேண்டியதில்லை. அதனை இணைக்கத் தெரிந்த கைகள் இல்லாமற் போனாலே போதும்.

இவ்வுண்மையை எமக்கு உணர்த்திய ஊர் திருத்தணி. முருகன் மலையாலும், 1888-இல் அங்குப் பிறந்த இராதாகிருஷ்ணனாலும் அவ்வூரை எல்லாரும் அறிவர். அதன் எல்லை வரலாற்றை இன்றைய மாணவர் பலர் அறியார். 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் அமைந்தபோது, சித்தூர் மாவட்டத்தின் பகுதியாகத் திருத்தணி அதனுட் சென்றது. மங்கலங்கிழார் வித்திட, ம.பொ.சிவஞானம் முன்நின்று நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் பின்னர், 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்தோடு இணைந்தது. அந்நாள்களைக் கண்ணாற் கண்ட முதியோரின் வாய்மொழிகளை ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் பல்லாண்டு தேடித் தொகுத்து, 1999-இல் வாங்கிய தம் கணிப்பொறியில் தாமே தட்டச்சு செய்து வைத்திருந்தார். அச்சேற்றவில்லை. சொன்ன முதியோர் மறைந்தனர். 2020-இல் ஆசிரியரும் மறைந்தார். கணிப்பொறியோ அதற்கும் முன்னரே உயிர்விட்டிருந்தது. அதனுள் இருந்த 4.3 ஜிகாபைட் வன்தட்டு ஒன்றே எஞ்சியது.

ஆசிரியரின் மகளார் 2022-இல் எம் துறையை நாடினார். யாம் இருவர் சென்றோம். அதற்கு முன்பே அவர் ஒரு கடையில் அத்தட்டைக் கொடுத்துப் பார்த்திருக்கிறார். யு.எஸ்.பி. வழியாக இணைத்தபோது, 'ஃபார்மட் செய்யவா?' என்று திரை கேட்டதாம். கடைப் பையன் 'ஆம்' என்பதை அழுத்தப் போன நேரத்தில் அம்மையார் தட்டையே பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டார். அவர் செய்ததே சரி. புதுத் தட்டுக்கு ஃபார்மட் என்பது பிறப்புச் சடங்கு. பழந்தட்டுக்கு அது ஈமச்சடங்கு.

திருத்தணிக் கடைத்தெருவில் பழைய கணிப்பொறிகளைப் பழுதுபார்க்கும் பெரியவர் ஒருவர் உண்டென்று கேள்விப்பட்டு அவரிடம் போனோம். தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்டவர். விண்டோஸ் 98 ஓடும் பொறியொன்றை இன்னும் துடைத்து வைத்திருந்தார். 2003-க்குப் பின் சாட்டா எனும் மெல்லிய இணைப்பு பரவியதால், நாற்பது ஊசிகள் கொண்ட பழைய ஐ.டி.இ. தட்டுக்குப் புதிய பொறிகளில் இடமே இல்லாது போயிற்று. அவரிடம் இடம் இருந்தது.

அவர் செய்த முறையை மாணவர் பொருட்டுச் சற்று விரித்துரைக்க வேண்டும். மின்சாரத்தை அறவே நீக்கிய பின், பொறியின் இரும்புச் சட்டத்தை ஒருமுறை தொட்டார். உடலிற் சேர்ந்த நிலைமின்சாரம் தட்டின் சுற்றுப்பலகையைக் கெடுக்கலாகாது அன்றோ! பின்னர்த் தட்டின் பின்புறத்து ஜம்பரைப் பார்த்தார். ஈருசிகளை இணைக்கும், நெல்மணியினும் சற்றே பெரிய ஒரு துண்டு அது. ஐ.டி.இ. முறையில் ஒரு கேபிளில் இரு தட்டுகள் அமரலாம். ஒன்று மாஸ்டர், மற்றொன்று ஸ்லேவ். இரண்டும் மாஸ்டராக அமைந்துவிட்டால் ஒன்றன் குரலை மற்றொன்று மறிக்கும்; பொறி இரண்டையும் காணாது திகைக்கும். ஆசிரியரின் தட்டு தனியே இருந்த காலத்து மாஸ்டராக அமைக்கப்பட்டது. பெரியவர் மேலொட்டிய சீட்டின் படத்தைப் பார்த்து, இடுக்கியால் ஜம்பரை ஸ்லேவ் நிலைக்கு மாற்றினார். ஆண்டான், அடிமை என்னும் இப்பெயர்கள் எமக்கு உவப்பானவை அல்ல. ஆயினும் தட்டின் மேல் அச்சிட்டிருப்பதை யாம் என் செய்வது?

நாடாக் கேபிளின் சிவப்பு விளிம்பு முதல் ஊசியின் பக்கம் வரவேண்டும். மின் இணைப்பில் மஞ்சள் கம்பி பன்னிரண்டு வோல்ட், சிவப்பு ஐந்து வோல்ட், கறுப்பு இரண்டும் நிலக்கம்பிகள். இவற்றைச் செருகியதும் பொறியை இயக்கி, பயாஸ் எனும் தொடக்க நிரலுக்குள் புகுந்தார். தட்டின் உருளைகள், முனைகள், கூறுகள் ஆகியவற்றின் எண்ணிக்கையைப் பொறி தானே கண்டறிந்து எழுதியது. தொடக்கக் காலத்தில் இவ்வெண்களைக் கையால் எழுத வேண்டும். 1024 உருளை, 16 முனை, 63 கூறு, கூறொன்றுக்கு 512 பைட் எனப் பெருக்கினால் 52,84,82,304 பைட் வரும். அதற்கு மேற்பட்ட தட்டைப் பழைய பொறிகள் முழுதும் காணமாட்டா. 1956-இல் ஐ.பி.எம். செய்த முதல் வன்தட்டுப் பொறி ஐம்பது பெருந்தட்டுகள் கொண்டு ஐம்பது இலட்சம் எழுத்துகளையே தாங்கியது என்பதையும் எண்ணிப் பார்க்கலாம்.

தட்டு சுழன்றது. ஆசிரியரின் குறிப்பேட்டில் 'தொகுப்பு: டி பகுதி' என்று இருந்தது. 'டி'யைத் திறந்தோம், தொகுப்பு இல்லை. அம்மையாரின் முகம் வாடியது. பெரியவர் மட்டும் சிரித்தார். "வீடு அங்கயேதான் இருக்கும்மா, கதவு நம்பர்தான் மாறிடுச்சு" என்றார். இரு தட்டுகள் சேர்ந்தால் முதல் தட்டின் முதற்பகுதி 'சி' ஆகும். அடுத்து இரண்டாம் தட்டின் முதற்பகுதி 'டி' ஆகும். அதன் பின்னரே எஞ்சிய பகுதிகளுக்கு 'இ', 'எஃப்' என எழுத்து வழங்கும். ஆகவே ஆசிரியரின் 'டி' இங்கே 'எஃப்' ஆயிற்று. சித்தூர் மாவட்டத்தில் இருந்து, சென்னை மாநிலத்துக்கு வந்து, 1997 முதல் திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கும் திருத்தணியும் இருந்த இடத்தை விட்டு ஓரடிகூட நகர்ந்ததில்லை.

'எஃப்'பில் அறுபத்தொரு கோப்புகள் இருந்தன. முதற் கோப்பைத் திறந்தால் தமிழில்லை. ஆங்கிலச் சிற்றெழுத்துகளும் அரைப்புள்ளிகளுமே நிறைந்திருந்தன. இது எமக்குப் பழகிய நோய். பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்பது ஜே, கே, பி, ஓ ஆகிய நான்கு எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகவே பதிவாகும். எழுத்துரு இல்லாத பொறியில் அவ்வாறே தோன்றும். 1991-இலேயே ஒருங்குறியில் தமிழுக்கு இடம் கிடைத்தது. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை அடுத்து அரசு தாப், தாம் எனும் குறியீடுகளை அறிவித்தது. 2010-இல் ஒருங்குறியையே ஏற்றது. எனினும் அவ்விடைக்காலத்தில் ஆளுக்கோர் எழுத்துருவில் நாம் எழுதிக் குவித்தவற்றுக்கு அளவில்லை. ஆசிரியரின் தட்டிலேயே, விண்டோஸ் இருந்த முதற்பகுதியில், அவர் நிறுவிய எழுத்துரு இருந்தது. அதனைப் பெரியவரின் பொறியில் நிறுவியதும் தமிழ் தோன்றிற்று.

அம்மையார் வாய்விட்டுப் படித்தார். கடைப் பலகையில் தமிழ் மேலே வருவதா தெலுங்கு மேலே வருவதா என்று வழக்கிட்ட அண்ணன் தம்பியர், கடைசியில் பலகையை இருபுறமும் எழுதித் தொங்கவிட்டு, காற்றடிக்கும் திசையின்மேல் பொறுப்பைப் போட்ட கதை அது. பெரியவர் கையிலிருந்த இடுக்கியைக் கீழே வைத்துவிட்டு, "இன்னொரு தடவை படிம்மா" என்றார்.

படித்துக்கொண்டிருக்கும்போதே தட்டிலிருந்து 'டிக், டிக்' என்ற ஒலி எழுந்தது. வாசிப்பை நிறுத்திவிட்டுப் படியெடுக்கத் தொடங்கினோம். முதலில் பெரியவரின் தட்டுக்கு, அங்கிருந்து மூன்று குறுந்தகடுகளுக்கு. ஐம்பத்தெட்டுக் கோப்புகள் முழுமையாக வந்தன. ஒருங்குறிக்கு மாற்றும் பணியை எம் மாணவியர் மூவர் ஏற்றுள்ளனர். எஞ்சிய மூன்று கோப்புகள், தட்டில் கெட்டுப்போன கூறுகளில் சிக்கிக்கொண்டமையால், திறக்கவில்லை. திரும்பத் திரும்ப முயன்றால் முனை தட்டை உரசிவிடும் என்று பெரியவர் பொறியை நிறுத்தினார். ஜம்பரை முன்போல் மாஸ்டர் நிலைக்கே மாற்றி, தட்டைத் துணியில் சுற்றி, அம்மூன்றின் பெயர்களையும் ஒரு தாளில் எழுதி, அதன்மேல் ஒட்டி அம்மையாரிடம் கொடுத்தார்.