கத்திரியில் ஒரு 3.8

மே 6, சனி

ரிச்சி தெருவிலிருந்து வீடு திரும்பும்போது சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்தது. பையில் யாரோ கழற்றிப் போட்ட ரைசன் 3 1200 ப்ராசசர். பேரம் பேசி 2,600 ரூபாய். கல்யாண வீடியோ வெட்டி ஒட்டிப் பிழைப்பவனுக்கு இது போதுமா என்று கேட்டால் போதாதுதான். கையிருப்புக்கு இதுதான் போதும்.

கடைக்கார அண்ணன் முதலில் கேட்டது, "போர்டு என்ன வெச்சிருக்கீங்க?"

"பி350ண்ணா."

"அப்ப ஏத்தி ஓட்டலாம் தம்பி. ஏ320ன்னா பூட்டியிருப்பான், ஒண்ணும் பண்ண முடியாது."

பிறகு அவர் பழைய கதைக்குப் போய்விட்டார். 1998இல் வந்த இன்டெல் செலரான் 300ஏ. உள்ளே பெருக்கு எண் 4.5 என்று பூட்டியிருக்கும். ஆனால் போர்டிலிருந்து வரும் 66 மெகாஹெர்ட்ஸை 100 ஆக்கிவிட்டால் 300 போய் 450 வந்துவிடும். அந்த வசதி இல்லாத போர்டு என்றால் சில்லின் விளிம்பில் ஒரே ஒரு தொடுமுனையை டேப் ஒட்டி மறைப்பார்களாம். "ஒரு துண்டு டேப்புக்கு 150 மெகாஹெர்ட்ஸ்" என்று சொல்லும்போது அவர் முகத்தில் முதல் சம்பளம் வாங்கிய களை.

மே 7, ஞாயிறு

இந்த 1200 வெளிவந்தது 2017 ஜூலையில். நான்கு கோர், அடிப்படை வேகம் 3.1 கிகாஹெர்ட்ஸ். அதாவது 100 மெகாஹெர்ட்ஸ் துடிப்பை 31 ஆல் பெருக்குகிறது. அந்த 31 பூட்டப்படவில்லை என்பதுதான் என்னை இவ்வளவு தூரம் இழுத்து வந்தது.

உண்மையில் உள்ளே இருப்பது எட்டு கோர் சில்லு. எட்டு அறை வீட்டில் நான்கு அறைகளைப் பூட்டிவிட்டு, மீதியைக் குறைந்த வாடகைக்கு விட்ட மாதிரி. பூட்டிய அறைகளில் சில நிஜமாகவே ஒழுகும். சில நன்றாகவே இருக்கும், குறைந்த வாடகைக்கு ஆள் தேவை என்பதற்காகப் பூட்டியிருப்பார்கள். ஏஎம்டியின் பழைய ஃபீனம் 2 வரிசையில் சிலருக்குப் பூட்டிய கோர்களைத் திறக்கும் அதிர்ஷ்டம் வாய்த்தது. இதில் சாவியே கிடையாது. இருக்கிற நான்கை வேகமாக ஓட்டுவது மட்டும்தான் நம் கையில்.

பயாஸில் பெருக்கு எண்ணை 36 வைத்தேன், முனகாமல் எழுந்தது. 38க்கு 1.25 வோல்ட் கொடுத்தேன். விண்டோஸ் வந்த இரண்டாவது நிமிடம் உறைந்தது. பேராசையில் 39. ஃபேன் சுற்றுகிறது, திரை கறுப்பு. ஐந்து நிமிடம் காத்திருந்தேன். கடைசியில் வயரைப் பிடுங்கிவிட்டு, போர்டின் ஓரத்தில் துருத்திய இரண்டு குட்டிப் பின்களை ஸ்க்ரூடிரைவர் முனையால் சேர்த்துப் பிடித்தேன். பயாஸ் எல்லாவற்றையும் மறந்து மறுபடி 31இல் எழுந்தது. எனக்கு மட்டும் மறக்கவில்லை.

மே 9, செவ்வாய்

இன்று செய்த முட்டாள்தனத்தை எழுதியே ஆக வேண்டும். ப்ராசசருக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே, டிராயரில் கிடந்த காய்ந்த பேஸ்ட்டைத்தான் மாட்டிய அன்று தடவியிருந்தேன். புதுசு வாங்கி வந்து, ஹீட்சிங்கின் நான்கு திருகுகளையும் கழற்றி நேராக மேலே இழுத்தேன். 'டக்'. ஹீட்சிங்கின் அடியில் கோந்து போட்டதுபோல் ஒட்டிக்கொண்டு ப்ராசசரும் வந்துவிட்டது. சாக்கெட்டின் நெம்புகோல் இன்னும் பூட்டிய நிலையிலேயே இருந்தது.

இந்தச் சில்லின் அடியில் 1,331 பின்கள். மூன்று சாய்ந்திருந்தன. லெட் பென்சிலில் லெட்டை எடுத்துவிட்டு, அதன் உலோகக் குழல் முனையைப் பின்னில் மாட்டி, மூச்சை அடக்கி, மயிரிழை மயிரிழையாக நிமிர்த்தினேன். அம்மா டார்ச் பிடித்தாள்.

"ஆட்டாதம்மா."

"நான் எங்கடா ஆட்டுறேன், உன் கைதான் ஆடுது. அரிசியில கல்லு பொறுக்குறதைவிட மோசமா இருக்கே இது."

மூன்றும் நிமிர்ந்தன. சாக்கெட்டில் வைத்ததும் தன் எடையிலேயே இறங்கி உட்கார்ந்தது. கழற்றும் முன் பத்து நிமிடம் ஓடவிட்டு, பேஸ்ட் சூடேறி இளகியதும், லேசாகத் திருகி எடுத்திருக்க வேண்டும். இது எனக்கு முன்னமே தெரியும் என்பதுதான் எரிச்சல்.

மே 14, ஞாயிறு

38க்கு 1.35 வோல்ட் கொடுத்தால் நிற்கிறது. காலை ஆறு மணிக்கு, அறை 30 டிகிரியில் இருக்கும்போது, முழுச் சுமையில் சில்லு 85. அதே சோதனை மதியம் இரண்டு மணிக்கு, மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள என் அறை 38ஐத் தொட்டபோது, 93. இதற்கு 95தான் எல்லை. ஹீட்சிங்க் ஒன்றும் ஏசி கிடையாது. அறையைவிட இத்தனை டிகிரி மேலே என்று அது ஒரு இடைவெளியைத்தான் காக்கும். அறை எட்டு ஏறினால் சில்லும் எட்டு ஏறும்.

நோட்டில் கணக்குப் போட்டேன். சில்லு இழுக்கும் மின்சாரம் வேகத்தோடு நேராக ஏறும், வோல்ட்டோடு வர்க்கமாக ஏறும். 1.2 வோல்ட்டில் 3.1 ஓடியதை 1.35இல் 3.8 ஆக்கினால் வேகம் சுமார் 23 விழுக்காடு கூடும், மின்சாரம் சுமார் 55 விழுக்காடு. கந்துவட்டி இதைவிடத் தேவலை.

ரேம் வேகத்தை 2133இலிருந்து 2933க்கு ஏற்றியது மட்டும் சத்தமில்லாமல் பலன் தந்தது. ரைசனில் கோர் கூட்டங்களுக்கு நடுவே இருக்கும் பாதை ரேமின் தாளத்துக்குத்தான் நடக்கிறது.

மே 17, புதன்

இரவு முழுக்க அழுத்தச் சோதனை போட்டிருந்தேன். ஐந்தரை மணி நேரம் ஒரு பிழையில்லை. அப்போது கரண்ட் போனது. யுபிஎஸ் இரண்டு நிமிடம் கதறிவிட்டு அடங்கியது. வியர்த்துக்கொண்டே விடியும்வரை விழித்திருந்தேன்.

மே 21, ஞாயிறு

37, 1.28 வோல்ட். மதிய வெயிலிலும் 84ஐத் தாண்டவில்லை. இத்துடன் விட்டேன். நாற்பது நிமிடம் எடுத்த வரவேற்பு வீடியோ இப்போது முப்பத்து நான்கில் முடிகிறது. மிச்சமான ஆறு நிமிடத்துக்கு நான் கொட்டிய ஞாயிறுகளை எண்ணவில்லை. கூடப் படித்தவனின் 1200 இதைவிடக் குறைந்த வோல்ட்டில் 3.9 போகிறதாம். சில்லுக்குச் சில்லு வாகு வேறு, யாரைக் குற்றம் சொல்ல?

டிசம்பர் 20

மார்கழிக் குளிர் என்று சென்னையில் சொல்வது கொஞ்சம் அதிகம்தான், ஆனால் அறை 25. காலையில் 38ஐ மறுபடி போட்டுப் பார்த்தேன்: 80 டிகிரியோடு நின்றது. பயாஸில் இரண்டு அமைப்புகளையும் சேமித்து, ஒன்றுக்குக் 'கத்திரி', மற்றதற்கு 'மார்கழி' என்று பெயர் வைத்தேன்.

மாலையில் கேபிள் வாங்க ரிச்சி தெரு போனபோது அண்ணனிடம் பெருமையாகச் சொன்னேன். நெற்றியைச் சுருக்கிக் கேட்டார், "சரி தம்பி, புரட்டாசிக்கு என்ன வெச்சிருக்கீங்க?"

பெருக்கு எண் கால் காலாக ஏறும். 37.5ஐ நான் ஒருதரம்கூட வைத்துப் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.