சத்தியம் கேட்காதீர்கள்

திருவாமாத்தூர், 2025 ஜூன் 20, வெள்ளி

மத்தியானம் என் மருந்துக்கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன். இரண்டு பையன்கள் பைக்கை ஆஃப் பண்ணாமலே நிறுத்தி, "டேபன்டடால் நூறு இருக்காண்ணா?" என்றார்கள். டாக்டர் சீட்டு கேட்டேன். "பாட்டிக்கு முட்டி வலிண்ணா." பாட்டி பேரென்ன என்றதும் வண்டி கிளம்பிவிட்டது.

இவர்கள் வாயில் இந்தப் பெயர் ஏறியதற்குக் காரணம் உண்டு. 2018 ஏப்ரலில் டிரமடால் என்ற வலி மாத்திரையைப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். கெடுபிடி வந்தது, தேவை குறையவில்லை, பக்கத்து மாத்திரைக்கு நகர்ந்தது. டேபன்டடாலும் அபினைப் போல வேலை செய்யும் அதே ஓபியாய்டு ஜாதிதான். கடையில் கிடைக்காவிட்டால் வெளிமாநிலத்திலிருந்து பார்சலில் வருகிறது. டேபன்டடாலையும் தசையைத் தளர்த்தும் காரிசோப்ரடாலையும் சேர்த்து இங்கே செய்த மாத்திரை மேற்கு ஆப்பிரிக்கத் தெருக்களில் விற்பதை பிபிசி காட்டிய பிறகு, இந்தப் பிப்ரவரியில் அதன் தயாரிப்புக்கும் ஏற்றுமதிக்கும் தடை போட்டார்கள். வெளிநாட்டுக்காரன் படம் எடுத்துக் காட்ட வேண்டியிருக்கிறது.

ஜூன் 22, ஞாயிறு

கீழத்தெரு அக்கா வந்தார். மகன் ஒரு தனியார் மறுவாழ்வு இல்லத்தில் ஒரு மாதத்துக்கு மேல் இருந்துவிட்டுத் திரும்பியிருக்கிறான். மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொண்டிருந்தவன். முழங்கை மடிப்பில் நரம்பெல்லாம் கயிறாகத் தடித்திருந்ததை நானே பார்த்திருக்கிறேன். வாயில் போட வேண்டிய மாத்திரையில் மாவும் டால்க்கும் இருக்கும். ரத்தத்தில் போனால் அது கரையாது, நுரையீரலின் சின்னக் குழாய்களில் போய் அடைக்கும்.

அக்கா முகத்தில் வெளிச்சம். "வர்ற வெள்ளிக்கிழமை வட்டப்பாறையில சத்தியம் வாங்கிடப் போறேன் தம்பி. அப்புறம் ஜென்மத்துக்கும் தொடமாட்டான்."

அபிராமேஸ்வரர் கோயில் வட்டப்பாறை என்றால் இந்தப் பக்கத்தில் கோர்ட்டைவிடப் பயம் அதிகம். சொத்தை மறைத்துப் பொய்ச் சத்தியம் பண்ணிய அண்ணனைப் பாம்பு தீண்டிய கதையைக் கேட்காமல் இங்கே யாரும் வளரவில்லை. பங்காளிச் சண்டைக்கும் கடன் தகராறுக்கும் அந்தப் பயம் சரி. இதற்குச் சரிவராது என்றேன். "ஏன், சாமியைவிட உன் மாத்திரை பெருசா?" என்று கோபமாகப் போய்விட்டார்.

ஜூன் 23, திங்கள், இரவு

கோபத்தில் போனவரிடம் சொல்ல முடியாததை இங்கே எழுதிவைக்கிறேன். வெள்ளிக்கிழமைக்குள் எப்படியாவது சொல்ல வேண்டும்.

வலியை அடக்கும் இந்த மருந்துகள் மூளையில் மூச்சை நடத்தும் இடத்தையும் மந்தமாக்கும். தினமும் எடுப்பவன் உடம்பு அதற்குப் பழகிக்கொள்ளும். அதனால்தான் இரண்டு நாலாகி, நாலு எட்டாகிறது. நிறுத்திச் சில வாரம் போனால் உடம்பு அந்தத் தாங்கும் சக்தியை இழந்துவிடும். ஆசை மட்டும் அப்படியே இருக்கும். மனசு பழைய எட்டைக் கேட்கும். மூச்சோ முதல் நாள் எடுப்பவனுடையதாக இருக்கும். சிறையிலிருந்தோ சிகிச்சை இல்லத்திலிருந்தோ வெளியே வந்த முதல் வாரங்களில்தான் சாவு அதிகம் என்று பல நாட்டு ஆய்வுகளும் சொல்வது இதனால்தான். ஊர், "திருந்தி வந்துட்டான்" என்று நிம்மதியாகும் அதே வாரங்கள்.

இதில் சத்தியத்தையும் சேர்த்துப் பார்க்கிறேன். வட்டப்பாறையில் சொல்லிவிட்டுச் சறுக்கியவன் யாரிடம் வாய் திறப்பான்? அம்மாவிடம் சொன்னால் சாமி குத்தம். ஆகவே தனியாக, கதவைத் தாழ்போட்டுக்கொண்டு எடுப்பான். கூட சாராயமோ தூக்க மாத்திரையோ இருந்தால் கேட்கவே வேண்டாம். கரகரவென்று குறட்டை கேட்கும்; அசந்து தூங்குகிறான், எழுப்பாதே என்பார்கள். உதடு நீலம் பாரித்து, கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கி, மூச்சு விட்டுவிட்டு வந்தால் அது தூக்கமில்லை. தட்டி எழுப்பியும் எழாவிட்டால் 108-ஐக் கூப்பிட்டுவிட்டு, மூச்சு ஊத வேண்டும். நலாக்சோன் என்ற முறிமருந்து சில நிமிடத்தில் மூச்சைத் திருப்பும். அமெரிக்காவில் 2021-இல் மட்டும் ஏறத்தாழ எண்பதாயிரம் பேர் இப்படி ஓபியாய்டு அளவு மீறிச் செத்தார்கள். 2023-லிருந்து அங்கே நலாக்சோனை மூக்கில் அடிக்கும் ஸ்ப்ரேயாகச் சீட்டில்லாமலே வாங்கலாம். நமக்கு அது ஆஸ்பத்திரி ஊசி. என் அலமாரியில் இல்லை.

ஜூன் 24, செவ்வாய்

அந்த இல்லத்தில் என்ன மருந்து கொடுத்தார்கள் என்று அக்காவின் தம்பியிடம் விசாரித்தேன். பஜனை, தோட்ட வேலை, பூட்டிய அறை. டாக்டர் வந்த மாதிரித் தெரியவில்லை. 2017 மனநலச் சட்டப்படி இப்படிப்பட்ட இடங்கள் பதிவு செய்தாக வேண்டும். 2023 பிப்ரவரியில் பக்கத்துக் குண்டலப்புலியூரில் உரிமமில்லாத ஓர் இல்லத்திலிருந்து ஆட்களை மீட்ட பிறகும் குடும்பங்கள் போர்டைப் பார்த்துத்தான் பணம் கட்டுகின்றன. இதே தமிழ்நாட்டில்தான் சாந்தி ரங்கநாதன், கணவரைக் குடிக்குப் பறிகொடுத்துவிட்டு, 1980-இல் சென்னையில் டி.டி.ரங்கநாதன் ஆராய்ச்சி அறக்கட்டளையைத் தொடங்கினார். போதைக்கு அடிமையானவன் நோயாளி என்று அன்றைக்கே வைத்தியம் பார்த்த இடம்.

ஜூன் 26, வியாழன்

போதை ஒழிப்பு நாள். பள்ளிப் பிள்ளைகள் அட்டை பிடித்துப் போனார்கள், கை நீட்டி உறுதிமொழி எடுத்தார்கள். நல்லதுதான். ஆனால் அரசாங்கமும் சத்தியத்தையே நம்புகிறது. எய்ம்ஸ் 2019-இல் வெளியிட்ட கணக்கில் நாட்டில் ஓபியாய்டு எடுப்பவர்கள் 2 கோடிக்கு மேல். சிகிச்சையோ உதவியோ தேவைப்படுபவர்கள் ஏறத்தாழ 77 லட்சம். 77 லட்சம் பேருக்கு எத்தனை படுக்கை என்று எந்த அட்டையிலும் எழுதியிருக்கவில்லை.

மரக்காணத்திலும் கள்ளக்குறிச்சியிலும் மெத்தனால் சாராயம் கொத்தாகக் கொன்றபோது மந்திரிகள் வந்தார்கள். மாத்திரையில் ஒருவன் போனால் வீட்டார் "நெஞ்சு வலி" என்று சொல்லி எடுத்துவிடுகிறார்கள்.

ஜூன் 28, சனி

பையனே வந்தான். நேற்றுக் கோயிலுக்கு வரமாட்டேன் என்று அடம்பிடித்திருக்கிறான். வீட்டில் பெரிய ரகளை. கடையில் ஆள் போகும்வரை நின்று, "போன வாரம் ஒரு தடவை போட்டுட்டேன் மாமா. பாதிதான். தலை அப்படியே சாஞ்சிடுச்சு. பாறையில போய் என்னான்னு சொல்றது?" என்றான்.

திட்டவில்லை. தனியாகப் போடாதே, திங்கள்கிழமை என்னோடு ஆஸ்பத்திரிக்கு வா என்று மட்டும் சொன்னேன். போலீஸ் பிடிக்குமா என்பதுதான் அவன் பயம். தானாகச் சிகிச்சைக்கு வருகிறவனை வழக்கிலிருந்து காக்க அதே போதைப்பொருள் சட்டத்தில் 64-ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. இதை யாரும் மைக்கில் சொல்லிக் கேட்டதில்லை.

ஜூன் 30, திங்கள்

முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனை, மனநலப் பிரிவு. அக்காவும் வந்தார், என்னோடு பேசவில்லை.

பழைய மாத்திரைக்குப் பதிலாக நாக்கடியில் வைத்துக் கரைக்கும் புப்ரினார்பின் பற்றி டாக்டர் விளக்கினார். அதோடு நலாக்சோன் சேர்ந்த மாத்திரை என்னுடையதைப் போன்ற கடைகளுக்கு வராது, சிகிச்சை மையங்களுக்குத்தான். மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் எடுக்க வேண்டியிருக்கும் என்றதும் அக்கா முதல்முறையாக வாய் திறந்தார்: "ஒரு போதைக்கு இன்னொரு போதையா சார்?" சர்க்கரைக்கு எத்தனை வருஷமா மாத்திரை போடுறீங்கம்மா என்று கேட்டார் டாக்டர். அக்கா கையிலிருந்த மஞ்சள் பையைப் பார்த்துக்கொண்டார். அதில் அவருடைய மெட்பார்மின் பட்டை இருந்தது.

பஸ்ஸில் வரும்போது, குறட்டைக்கும் மூச்சுத் திணறலுக்கும் வித்தியாசம் எப்படித் தெரியும் என்று என்னிடம் கேட்டார். சொன்னேன். இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். அடுத்த திங்களும் வர வேண்டும். கடையை யார் பார்ப்பது என்று வீட்டில் பேச வேண்டும்.